எங்க மரத்துல ஏறுறது யாரு

பிரேமன் துறைமுகம்
மார்ச் 3, 1988

மரேத்தா,

மௌரி, வணக்கம். நான் சுகம். இங்க குளிர் எலும்பைக் குடையுது. இந்தக் கடிதத்தை உங்க அம்மாகிட்டக் காட்டாதே. படிச்சும் சொல்லாதே. பதில் எனக்கு மட்டும் எழுது.

உன் பெரியப்பா தேகோவா எழுதியிருக்கார். வீட்டுக்குப் பின்னாடி கிணத்தோரம் நிக்கிற நம்ம ரெண்டு தென்னையிலயும் கொஞ்ச நாளா பாட்டில் தொங்குதாம். பாளை சீவியிருக்காம். உன் தம்பி தெபாவு தினம் பதநீர் குடிக்கிறானாம். நான் கப்பலேறி ஒன்றரை வருஷம் ஆச்சு. வீட்டுல இருக்கிற ஒரே ஆம்பிளை அவன்தான், அவனுக்கு ரெண்டு வயசு. அப்ப அந்த மரத்துல ஏறுறது யாரு?

பெரியப்பா இன்னொண்ணும் எழுதியிருக்கார். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. ஏறுறவன் பாடறதில்லையாம். இருட்டு விலகறதுக்குள்ள ஏறி இறங்கிடறானாம். நம்ம ஊர்ல மரத்து மேல இருக்கிறவன் வாயைத் திறந்து பாடணும். கீழ கிணத்துல குளிக்கிற பொம்பளைங்களுக்கு மேல ஆள் இருக்கிறது தெரியணும். பாடாம ஏறுறவன் நல்லதுக்கா ஏறுவான்?

உனக்குப் பதினஞ்சு வயசு ஆகுது. வீட்டுக்கு எவன் வர்றான், எவன் போறான்னு உனக்குத் தெரியாம இருக்காது. அம்மாவுக்குப் பரிஞ்சு பேசாதே. பேரை மட்டும் எழுது. மத்ததை நான் பாத்துக்கறேன்.

உன் அப்பா
இதாக்கா


நோனோவுத்தி தீவு, கிரிபாத்தி
ஏப்ரல் 9

அப்பாவுக்கு,

மௌரி. நாங்களும் சுகம். உங்க கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். முழுசா. காட்டாதேன்னு நீங்க எழுதின வரியையும் சேத்து.

பேரு கேட்டீங்க. மரேத்தா. ஏறுறது நான்தான்.

போன மழைக்காலத்துல சரக்குக் கப்பல் வரலை. கடையில சக்கரை இல்லை, மாவு இல்லை. தெபாவுக்கு இருமல், நெஞ்செலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. நர்ஸக்கா, "பதநீர் குடுங்க, வேற மருந்து வேணாம்"னுட்டாங்க. அம்மா பெரியப்பா வீட்டுக்குப் போய்க் கேட்டா. பெரியப்பா மகன் பௌரோ அண்ணன்தான் அங்க மரம் ஏறுறது. முதல் நாள் ஒரு டம்ளர் குடுத்தான். ரெண்டாம் நாள் நேத்து மிஞ்சினதைக் குடுத்தான், புளிச்சுப்போய். மூணாவது நாள் பெரியம்மா அம்மாவைப் பாத்து, "புருஷன் ஜெர்மன் கப்பல்ல சம்பாதிக்கறான், இங்க டம்ளரைத் தூக்கிட்டு வர்றியா?"ன்னாங்க. அம்மா காலி டம்ளரோட வந்தா. எனக்கு வந்த கோவத்துல அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி ஏறிட்டேன்.

உங்க கத்தியைக் கூரையில இருந்து எடுத்தேன். துருப்பிடிச்சிருந்தது, தீட்டிக்கிட்டேன். தீட்டறது யார்கிட்டக் கத்துக்கிட்டேன்னு உங்களுக்கே தெரியும். நான் வயசுக்கு வந்தப்ப கிழக்கே பாக்க உக்கார வச்சு, "அசையாதே, கயிறு திரி"ன்னு அத்தைங்க எல்லாரும் உயிரை வாங்கினாங்களே, அந்தக் கயித்துலதான் பாளையைக் கட்டியிருக்கேன். நல்லாத்தான் திரிச்சிருக்கேன், அறுந்துபோகலை.

ஏன் பாடலைன்னு கேட்டா, பாடினா பொண்ணு குரல்னு தெரிஞ்சிடும். அவ்வளவுதான்.

அம்மா உங்க கடிதத்தைக் கேட்டுட்டு முதல்ல சிரிச்சா. அப்புறம் மீனைக் கழுவிக்கிட்டே சொன்னா: "ஒரு பொட்டப்புள்ள மரம் ஏறியிருப்பான்னு நினைக்க அவருக்குத் தோணவே இல்லை பாரு. நான் ஆளை வச்சிருக்கேன்னு மட்டும் உடனே தோணியிருக்கு." அன்னைக்கு அம்மா சாப்பிடலை. இதையும் எழுதுன்னு அவ சொல்லலை, நானாத்தான் எழுதறேன்.

மரேத்தா


ரோட்டர்டாம்
மே 20

மரேத்தா,

உங்க அம்மாகிட்டச் சொல்லு, தப்பு என் மேலதான்னு. கடல்ல இருக்கிறவனுக்குப் புத்தி கோணலாத்தான் போகும். இந்தப் பார்சல்ல அவளுக்கு ஒரு பூப்போட்ட துணி இருக்கு. நல்ல துணி. நானே தேடி வாங்கினேன்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். போதும். இறங்கு.

திமிரா நாலு பக்கம் எழுதினதுனால நீ செஞ்சது சரியாயிடாது. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாப்பா? லுங்கியை வரிஞ்சு கட்டிக்கிட்டு நீ மேல ஏறினா கீழ நிக்கிறவன் கண்ணு எங்க போகும்? நாளைக்கு உன்னைக் கேட்டு வர்றவன், "மரமேறிப் பொண்ணா, வேணாம்"னு போயிட்டா? கால் காய்ச்சுப்போயி, தோள் அகலமாகி... எனக்கு எழுதவே பிடிக்கலை.

கத்தி தீட்டக் கத்துக்குடுத்தது நான்தான், இல்லைங்கலை. அப்ப எனக்குப் பையன் இல்லை. பொழுது போகணுமேன்னு உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அது விளையாட்டு. இப்பத் தெபாவு இருக்கான். மரம் அவனுக்கு. அவன் வளர்ற வரைக்கும் பௌரோ பாத்துக்கட்டும். பெரியப்பாவுக்கு அதை எழுதி இதே உறையில வச்சிருக்கேன். கொண்டுபோய்க் குடு. ஒளிச்சு வைக்காதே, எனக்குத் தெரிஞ்சிடும்.

பார்சல்ல உனக்குத் தையல் ஊசியும் நூலும் இருக்கு. தெபாவுக்கு ஒரு சின்னக் கத்தி இருக்கு. அவன் கைக்கு எட்டாம வச்சு, பெரியவனானதும் குடு. அம்மா பக்கத்துல உக்காந்து பாய் பின்னு. பொண்ணா இரு.

அப்பா


நோனோவுத்தி
ஜூலை 15

அப்பாவுக்கு,

உங்க கடிதத்தை அன்னைக்கே பெரியப்பாகிட்டக் குடுத்துட்டேன். அவர் அதை ஊர் கூடுற மனேபா மண்டபத்துக்குக் கொண்டுபோய், கூடியிருந்த பெரியவங்க முன்னாடி நிறுத்தி நிதானமாப் படிச்சார். அதுவரைக்கும் ஏறுறது யாருன்னு ஊருக்குத் தெரியாது. உங்க கடிதத்துலதான் தெரிஞ்சுது. நான் பொம்பளைங்களோட பின்னாடி உக்காந்திருந்தேன். எல்லாரும் திரும்பி என் காலைப் பாத்தாங்க.

நீங்க சொன்னபடியே இறங்கினேன். பௌரோ அண்ணன் ஏறினான். அப்பா, அவன் பாளை சீவறதை நீங்க பாத்திருந்தா அழுதிருப்பீங்க. சொத்தைப்பல் பிடுங்குற மாதிரி கனமா கனமா வெட்டித் தள்ளினான். இன்னும் பல வாரம் சுரக்க வேண்டிய பாளை கட்டையாப் போச்சு. சுரந்த வரைக்கும் கூட எங்களுக்கு வரலை. கூட்டாளிங்களோட சேந்து புளிக்க வச்சுக் கள்ளாக் குடிச்சான். தெபாவு சாயங்காலமானா கிண்ணத்தைத் தூக்கிட்டு மரத்தடியில போய் நின்னான். பௌரோ மேல இருந்து, "போடா, அக்காகிட்டக் கேளு"ன்னான்.

அதனால மறுபடி ஏறிட்டேன். புதுப் பாளையை வளைச்சுக் கட்டியிருக்கேன். நீங்க தெபாவுக்கு அனுப்பின கத்தி வெங்காயம் நறுக்கத்தான் ஆகும், இரும்பு மெத்துன்னு இருக்கு. உங்க பழைய கத்திதான் நல்ல கத்தி.

இந்தத் தடவை பாடிக்கிட்டே ஏறினேன். ஊரு முழுக்கத் தெரிஞ்ச பிறகு என்ன ஒளிவு? பாதிப் பாட்டுலயே பெரியப்பா கம்போட வந்துட்டார். "இறங்குடி கீழே, வெக்கங்கெட்டவளே!" நான் முழுப் பாட்டையும் பாடி முடிச்சுட்டுத்தான் இறங்கினேன். அதுக்குள்ள அம்மா மரத்தடிக்கு வந்து நின்னுட்டா. "அடிக்கணும்னா என்னை அடிங்க மச்சான். இவளை வளர்த்தவ நான்"ன்னா. பெரியப்பா கம்பைக் கீழ போட்டுட்டுப் போனார். போறப்ப, "இவளைத் தராவாத் தீவுக்கு அனுப்பிடறேன் பாரு, என் மச்சினி வீட்டுல குழந்தை பாத்துக்க ஆள் வேணுமாம்"னு சொல்லிட்டுப் போனார். வெறும் மிரட்டல் இல்லை. அடுத்த கூட்டத்துல அதைத்தான் கேக்கப்போறார்.

விளையாட்டுன்னு எழுதியிருந்தீங்க. உங்களுக்குப் பொழுது போச்சு, சந்தோஷம். எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். அம்மா பக்கத்துல உக்காந்தா பாய். உங்க பக்கத்துல நின்னா கத்தி. ஒரு கையை அவ பழக்கினா, ஒரு கையை நீங்க பழக்கினீங்க. இப்பப் பையன் பொறந்துட்டான், ஒரு கையை வெட்டிப் போடுன்னா எப்படிப்பா? என்கிட்டக் கேட்டா பழக்கினீங்க?

இன்னொண்ணு. தவீதா மாமா லீவுல வந்திருக்கார். உங்க கப்பல்லதான் இருந்தாராமே. நீங்க கப்பல்ல என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நீங்க ஏப்ரன் கட்டிக்கிட்டு அதிகாரிங்க துணியைத் துவைக்கறீங்களாம். சட்டைக்கு இஸ்திரி போடறீங்களாம். பித்தான் தைக்கறீங்களாம். ஞாயித்துக்கிழமை கேக் சுடறீங்களாம். இங்க இருந்தப்ப உங்க லுங்கியைக்கூட அம்மாதானே துவைச்சா?

நான் சிரிக்கலை அப்பா. நான் கேக்கறது ஒண்ணுதான். நீங்க சட்டை துவைச்சு எங்களுக்குச் சோறு போட்டா அது உழைப்பு. நான் மரம் ஏறித் தம்பிக்குப் பதநீர் குடுத்தா அது வெக்கக்கேடா? எந்த ஊரு நியாயம் இது?

எழுதறதா இருந்தா சீக்கிரம் எழுதுங்க. நீங்க எழுதினாலும் எழுதாட்டியும் நான் காலையில ஏறுவேன்.

மரேத்தா


சாந்தோஸ், பிரேசில்
ஆகஸ்ட் 28

மரேத்தா,

தவீதா நாக்கை அறுக்கணும்.

உன் கடிதத்தைக் கசக்கிக் கடல்ல போடத்தான் போனேன். அப்பன்கிட்டப் பேசற பேச்சா இது? என் அப்பன் முன்னாடி நான் நிமிந்துகூடப் பாத்ததில்லை. உனக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். யோசிக்க யோசிக்க என் மேலதான் கோவம் வந்துச்சு, அதை உன் மேல காட்டறேன்.

ஆமா, துவைக்கிறேன். இஸ்திரி போடறேன். சேந்த புதுசுல தளத்து வேலை குடுப்பாங்கன்னு நினைச்சேன். கயிறு, நங்கூரம், அந்த மாதிரி. அவங்க ஒரு ஏப்ரனைக் குடுத்து, "இதைக் கட்டு"ன்னாங்க. அன்னைக்குக் குளியலறையைப் பூட்டிக்கிட்டு அழுதேன். கப்பல்ல இருக்கிற நம்ம ஊர்ப் பசங்க என்னை "அம்மா"ன்னுதான் கூப்பிடுவானுங்க. இன்னமும் அப்படித்தான். "அம்மா, என் சட்டை காஞ்சுதா? அம்மா, இன்னைக்கு என்ன கேக்?" முதல்ல ஒருத்தனை அடிச்சேன். இப்பத் திரும்பிப் பாத்து, "கையைக் கழுவிட்டு வாடா"ங்கறேன்.

ஒண்ணு சொல்றேன், ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதே. காலர் இஸ்திரி போடறதுல இந்தக் கப்பல்ல என்னை அடிச்சுக்க ஆள் இல்லை. கேப்டன் தன் சட்டையை வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டார். எனக்கு அதுல ஒரு... சரி விடு.

ஆனா நான் செய்யறது ஊரு கண்ணுக்குத் தெரியாத இடத்துல. நீ செய்யறது ஊரு நடுவுல, மரத்து உச்சியில. ரெண்டும் ஒண்ணா? ஒண்ணுதான்னு நீ சொல்லுவே. எனக்கு யோசிக்கணும். நவம்பர்ல லீவு வருது. அதுவரைக்கும் ஏறாதே. கேட்டுக்கறேன்.

அப்பா

அம்மா துணியைத் தைச்சுப் போட்டுக்கிட்டாளா? நீ எழுதவே இல்லையே.


நோனோவுத்தி
செப்டம்பர் 30

அப்பாவுக்கு,

நீங்க யோசிங்க. பாளை யோசிக்கக் காத்திருக்காது, ஒரு நாள் சீவாம விட்டா வாய் மூடிக்கும். அதனால ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டுக்கறேன்னு நீங்க எழுதியும் ஏறினதுக்கு மன்னிச்சுக்கங்க. உங்க வாயில அந்த வார்த்தையை நான் முன்னாடி கேட்டதே இல்லை. ரெண்டு தடவை படிச்சேன்.

கூட்டம் நடந்துச்சு. பெரியப்பா நடுவுல உக்காந்து ரொம்ப நேரம் பேசினார். தம்பி வீட்டுல இல்லை, பொண்ணு கெட்டுப்போறா, தராவாவுக்கு அனுப்பினா அடங்கிடுவான்னு. பொம்பளைங்க மனேபாவுல எழுந்து பேசறதில்லை, உங்களுக்குத் தெரியும். அம்மா உக்காந்த இடத்துலயே இருந்து பேசினா. எழுந்தாத்தானே தப்பு? "எம் பொண்ணு யார் மரத்துலயும் திருடலை. எவன் பின்னாடியும் போகலை. அவ போறதெல்லாம் மேலதான். வீட்டுல குடிக்க இருக்கு. பாகு காய்ச்சி நர்ஸ் வீட்டுக்கும் குடுத்திருக்கோம். இதுல கெட்டுப்போனது என்னன்னு யாராவது எனக்குச் சொல்லுங்க"ன்னா. ஒரு தாத்தா மட்டும் இருமினார்.

கடைசியில பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. மரம் இதாக்காவோடது, பொண்ணும் இதாக்காவோடது. அவன் வந்து மனேபாவுல வாயால சொல்லட்டும். ஏறட்டும்னா ஏறட்டும். வேணாம்னா அடுத்த படகுல தராவாவுக்கு. பெரியப்பா உடனே சிரிச்சார். நீங்க என்ன சொல்லுவீங்கன்னு அவருக்குத் தெரியுமாம். அவர் தம்பியாச்சே.

எனக்குத் தெரியலை அப்பா. பயமா இருக்கு. இதை எழுதக் கூடாதுன்னு நினைச்சேன், எழுதிட்டேன். தராவா வீட்டுல அடுத்தவங்க குழந்தையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதை நினைச்சா மூச்சு முட்டுது. ஆனா இன்னைக்குக் காலையிலயும் ஏறினேன்.

நீங்க வேணாம்னு சொன்னா, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. கடிதத்துல எழுதி அனுப்பாதீங்க. அது ரொம்ப சுலபம்.

அம்மா துணியைத் தைக்கலை. பெட்டியில வச்சிருக்கா. நீங்க வந்த பிறகு யோசிக்கறாளாம்.

மரேத்தா


பேசியோ, தராவா
நவம்பர் 17

மரேத்தா,

தராவா வந்து சேந்துட்டேன். விமானத்துல இடம் இல்லை. சனிக்கிழமை அங்க வந்து சேர்ற படகுல வர்றேன். இந்தக் கடிதத்தை நாளைக்கு விமானத்துல கிளம்பற பாதிரியார்கிட்டக் குடுத்து அனுப்பறேன், எனக்கு முன்னாடி உன் கைக்கு வரணும்.

நேத்து துறைமுகத்துல நம்ம தீவுக்காரனுங்க நாலஞ்சு பேரு. எல்லாரும் என்னை மாதிரி கப்பல்ல இருந்து வந்தவனுங்க. பியர் உள்ள போனதும் ஒருத்தன் ஆரம்பிச்சான். "என்ன இதாக்கா, உன் வீட்டு மரத்துல பொம்பளை ஏறுதாமே? நீ அங்க துணி துவைக்கறே, உன் பொண்ணு இங்க மரம் ஏறுறா. வீட்டுல லுங்கி யாருது, பாவாடை யாருது?" எல்லாரும் சிரிச்சானுங்க.

ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. முன்ன மாதிரியா இருந்தா அவன் பல்லைப் பேத்திருப்பேன். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "ஆமாடா, என் பொண்ணுதான். ரெண்டு மரம் அவ கையில. உன் வீட்டு மரத்துல யாரு ஏறுறா?"ன்னு கேட்டேன். அவன் பியர் பாட்டிலைத் தூக்கிக்கிட்டான். அடுத்தவனைக் கேட்டேன். அவன் கடல் பக்கம் திரும்பிக்கிட்டான். இவனுங்க அத்தனை பேரு வீட்டுலயும் மரம் சும்மா நிக்குது மரேத்தா. பொண்டாட்டி, புள்ளைங்க கடையில சக்கரைக்கு வரிசையில நிக்குதுங்க. அவனுங்களுக்கும் பொண்ணுங்க இருக்கு, நல்ல கைகால் உள்ள பொண்ணுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த முதல் ஆளு மெதுவா, "அது எப்படி, பாளை பிடிச்சுதா?"ன்னான். பிடிச்சுதுன்னேன். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுன்னு உனக்கு எழுதத் தெரியலை.

அம்மாகிட்ட நான் வந்து பேசிக்கறேன். அது எங்களுக்குள்ள. அவ துணியை என் மூஞ்சியில வீசினாலும் வாங்கிக்கத்தான் வேணும்.

மனேபாவுல பேசறதுக்குக் கப்பல்லயே ஒரு பேச்சு எழுதி வச்சிருந்தேன். வணக்கம், பணிவு எல்லாம் போட்டு, "சின்னப் பொண்ணு, பொறுத்துக்கங்க"ன்னு. அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன். நீ பொறுத்துக்கச் சொல்லி யார்கிட்டயும் கேக்கலையே, நான் ஏன் கேக்கணும்?

ஒண்ணு தோணுது. உன் கையைப் பிடிச்சுக் கத்தியைத் தீட்ட வச்சேன். தோள்ல தூக்கி வச்சுப் பாளையைக் காட்டினேன். அதோட நிறுத்திட்டேன். ஏறுறதை நீயாத்தான் கத்துக்கிட்டே. நீ ஏறி நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. பாக்காமலே இறங்கு இறங்குன்னு எழுதிக்கிட்டிருந்திருக்கேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பூசை முடிஞ்சதும் நீ ஏறு. நல்லா வெளிச்சம் வந்த பிறகு ஏறு, எல்லாருக்கும் தெரியட்டும். பெரியப்பாவையும் பெரியவங்களையும் நானே மரத்தடிக்குக் கூட்டிட்டு வர்றேன். அவங்க கேக்கறதை அங்கயே கேக்கட்டும், நீ மேல இருந்து பதில் சொல்லு. நான் கீழ நிக்கிறேன், பாட்டிலை வாங்கிக்க.

அப்பா